மாமனுக்குப் பார்வை போனால் யாருக்கு வரும்? தாய்வழியே மட்டும் வரும் ஒரு கண் நரம்பு நோயைப் பற்றி

பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் 22 வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். காய்கறி மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போகிற லோடு ஆட்டோ தெரிகிறது. எதிரே டீக்கடை தெரிகிறது. திருநெல்வேலி போகிற பஸ் தூரத்தில் வருவதும் தெரிகிறது. ஆனால் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு புகை. பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் போர்டு தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. கண்ணில் வலி இல்லை, சிவப்பு இல்லை, தண்ணீர் வடியவில்லை. முதலில் ஒரு கண்ணில்தான். தற்செயலாக இன்னொரு கண்ணைக் கசக்கும்போதுதான் தெரிந்தது. ஓரிரு மாதத்தில் அந்தக் கண்ணுக்கும் அதே கதை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. "ராத்திரி பூரா போனையே பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்பார் அப்பா. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பார்கள். எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெளியாது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தால் கருமணி ஒழுங்காகச் சுருங்கும். விழித்திரையும் பெரும்பாலும் சரியாக இருப்பது போலவே தோன்றும். "எல்லாம் நார்மலாத்தான இருக்கு, பையன் நடிக்கிறானோ?" என்ற சந்தேகம்கூட வரும். இந்த நோய் உள்ளவர்களை மனப் பிரச்சினை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது உலகம் முழுக்க நடந்திருக்கிறது.

நோயின் பெயர் லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய். டாக்டர்கள் சுருக்கமாக எல்.எச்.ஓ.என். என்பார்கள். தியோடர் லெபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1871-ல் இதை விவரமாக எழுதினார். அபூர்வமான நோய்தான். இங்கிலாந்தின் வடகிழக்கில் எடுத்த கணக்குப்படி சுமார் 31,000 பேருக்கு ஒருவர். அபூர்வம் என்பதால்தான் வந்த வீட்டில் இதைப் புரிந்துகொள்ள ஆள் இருப்பதில்லை. புரியாமல் போவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: அடுத்து யாருக்கு வரலாம் என்பதை நாம் தப்பான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

கரண்ட் போன நரம்பு

கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பில் ஒவ்வொரு கண்ணுக்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அவை விடாமல் வேலை செய்பவை, அதனால் நிறைய சக்தி வேண்டும். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. பத்தாம் வகுப்பு அறிவியலில் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று மார்க்குக்காக எழுதினோமே, அதேதான். அந்த மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. உண்டு. மொத்தமே 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். 11778-ஆவது இடத்தில் வரும் மாற்றம்தான் அதிகம் காணப்படுவது. 3460, 14484 என்று இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. 1988-ல் டக்ளஸ் வாலஸ் குழு அந்த 11778 மாற்றத்தைக் கண்டுபிடித்தது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.யில் ஒரு எழுத்து மாறினாலே பரம்பரை நோய் வரும் என்று மருத்துவ உலகம் முதன்முதலில் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

மெல்லிய இழைகள்தான் முதலில் சாகும். அவை பார்வையின் நடுப்பகுதிக்குப் போகிறவை. அதனால் படிப்பதும் முகம் அறிவதும் போகும். சிவப்பு, பச்சை வித்தியாசம் மங்கும். ஓரப் பார்வை பெரும்பாலும் தங்கிவிடும். அதனால்தான் இவர்கள் தெருவில் முட்டாமல் நடப்பார்கள், ஆனால் எதிரே வருகிற நண்பனைத் தெரியாதவர் போலக் கடந்துவிடுவார்கள். "திமிரு பிடிச்சவன், பாத்தும் பாக்காம போறான்" என்று ஊரில் பேர் வேறு வாங்குவார்கள்.

கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்தால் பார்வை போகும் என்று நமக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது அதைத்தான் எல்லாரும் பேசினோம். அங்கேயும் அடி விழுவது இதே மைட்டோகாண்ட்ரியாவில்தான். மெத்தனால் வெளியிலிருந்து வந்து கரண்டைத் துண்டிக்கிறது. எல்.எச்.ஓ.என்.னில் பிறக்கும்போதே வயரிங்கில் குறை.

நாம் கேட்க மறக்கும் கேள்வி

பரம்பரை நோய் என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "எங்க வகையறாவுல யாருக்கும் இப்படி இல்லையே?" வகையறா, குலதெய்வம், பங்காளி என்று நாம் வைத்திருக்கும் கணக்கெல்லாம் பெரும்பாலும் அப்பா வழி. இரண்டாவது கேள்வி, "சொந்தத்துல கல்யாணம் பண்ணதால வந்துச்சோ?" இந்த நோய்க்கு இரண்டுமே தப்பான கேள்விகள்.

குழந்தைக்குக் கிடைக்கும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் அம்மாவின் கருமுட்டையிலிருந்து வருவது. அப்பாவின் பங்கு இல்லை. ஆகவே இந்த மாற்றம் அம்மாவிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் போகும். மகள் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும். சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் இதில் மாற்றமில்லை.

இதை நம் உறவுமுறையில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று புரியும். நம்ம பாவூர்சத்திரம் பையனையே எடுத்துக்கொள்வோம். அவனிடம் உள்ள அதே மைட்டோகாண்ட்ரியா அவன் அம்மாவிடம் இருக்கும், அம்மாவைப் பெற்ற ஆச்சியிடம் இருக்கும். தாய்மாமனிடம் இருக்கும். பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் எல்லாரிடமும் இருக்கும். அக்கா, தங்கச்சி, அவர்கள் பிள்ளைகளிடமும் இருக்கும். தாய்மாமன் பிள்ளைகளிடம் இருக்காது, அவர்கள் தங்கள் அம்மாவின் மைட்டோகாண்ட்ரியாவோடு பிறந்தவர்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை பக்கம் இருக்காது. முக்கியமாக, இவனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளிடம் இருக்காது.

இப்போது ஊர் என்ன செய்கிறது என்று பாருங்கள். "பையனுக்கு இப்படி, நாளைக்குப் பிள்ளைகளுக்கும் வந்துரும்லா" என்று சொல்லி அவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறது. அவன் ஒருவன்தான் இந்த நோயைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே முடியாதவன். ஒரே ஒரு விதிவிலக்கு: அவன் அக்கா மகளையே கட்டினால். அவளிடமும் அதே தாய்வழி மைட்டோகாண்ட்ரியாதான். பிள்ளைகளுக்கு அவளிடமிருந்து போகும், ஆனால் பழி அவன் மேல் விழும். மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டினால், அந்தப் பெண்ணின் அம்மாவும் இதே தாய்வழியைச் சேர்ந்தவராக இல்லாதவரை, இந்த நோய் போகாது.

தென் மாவட்டங்களில் சில சமூகங்களில் 'கிளை' என்று ஒரு கணக்கு உண்டு. அது அம்மா வழியாகவே வரும், ஒரே கிளைக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி யாரும் அறியாத காலத்தில் போட்ட கணக்கு. அந்தக் குடும்பங்களுக்கு இந்த நோயின் வழியைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம் என்றே நினைக்கிறேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'அம்மா வழி' என்று சொன்ன அடுத்த நிமிடம், "ஒங்க வீட்டுல இருந்துதான வந்துச்சு" என்று அந்த அம்மாவைக் குத்துவதற்கு ஆள் இருக்கும். அவர் எதையும் செய்யவில்லை. தன்னிடம் அது இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. பெரும்பாலான பெண்களுக்குக் கடைசி வரை பார்வை நன்றாகவே இருக்கும். வழியை அறிந்துகொள்வது அடுத்தவர்களைக் காப்பாற்ற. அதை வைத்து மருமகளைப் பழி சொல்கிற வீட்டுக்கு, அதே மருமகளிடம் தாய்வழி விவரம் கேட்டால் உண்மை கிடைக்காது.

மாற்றம் இருந்தால் நோய் வந்தே தீருமா?

இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையே. மாற்றம் உள்ள ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் பார்வை போகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சமீபத்திய ஆய்வுகள் அதைவிடக் குறைவு என்கின்றன. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தாக்கும், மற்ற வயதுகளிலும் வரலாம். ஒரே வீட்டில் அண்ணனுக்கு வந்து தம்பிக்கு வராமல் போகலாம். ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. ஆனால் ஒரு காரணம் நன்றாகத் தெரிந்துவிட்டது. புகை.

125 குடும்பங்களைச் சேர்ந்த, இந்த மாற்றம் உள்ள 402 பேரை வைத்து 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. புகைபிடித்த ஆண்களில் 93 சதவீதம் பேருக்குப் பார்வை போயிருந்தது. அதிகமாகக் குடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுவதாகத் தெரிந்தது, புகை அளவுக்கு இல்லை. பிரேசிலில் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. 1861-ல் இத்தாலியின் வெரோனாவிலிருந்து போய்க் குடியேறிய வம்சம், 300-க்கும் மேற்பட்டோர். ஆய்வாளர்கள் வருஷா வருஷம் அங்கே போய் அவர்களைப் பரிசோதித்தார்கள். அங்கும் புகையும் குடியும்தான் முன்னால் நின்றன.

இதைத் தென்காசி மாவட்டத்தில் உட்கார்ந்து படிக்கும்போது சுருக்கென்று இருக்கிறது. பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அம்மா மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றித்தான் பிள்ளைகள் படித்தார்கள். அந்தத் தொழிலைக் குறை சொல்லவில்லை, அந்தக் கூலியில்தான் பல இன்ஜினியர்கள் உருவானார்கள். ஆனால் பீடி வீட்டிலேயே கிடக்கிற ஊரில் 17 வயதுப் பையன் ஒன்றைப் பற்றவைப்பது பெரிய விஷயமே இல்லை. அவன் சித்தி மகனுக்கு எல்.எச்.ஓ.என். வந்திருந்தால் அது பெரிய விஷயம்.

ஆகவே என் கருத்து இதுதான்: இந்த நோயில் சிகிச்சை வேண்டியது நோயாளி ஒருவருக்கு மட்டுமல்ல. ஒருவருக்கு உறுதியானால், அவருடைய தாய்வழிப் பையன்கள் அத்தனை பேருக்கும் அந்த வாரமே போன் போட வேண்டும். "மக்கா, ஒனக்கும் இருக்கலாம். பீடி, சிகரெட் வேண்டாம், தண்ணியும் வேண்டாம்." இந்த ஒரு போன்காலுக்குச் செலவே இல்லை. ஆஸ்பத்திரிகளும் மரபணு ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுப்பதோடு நிறுத்தாமல், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது அந்த வேலை, பார்வை போன அதிர்ச்சியில் இருக்கிற 22 வயதுப் பையன் தலையில் விழுகிறது.

புகையைத் தவிர இன்னொரு எச்சரிக்கை. காசநோய்க்குக் கொடுக்கும் எதாம்பூட்டால், சில கடினமான தொற்றுகளுக்குக் கொடுக்கும் லினசோலிட் ஆகிய மருந்துகள் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியவை. தாய்வழியில் இந்த நோய் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. டி.பி. மருந்தைப் பாதியில் விடுவது உயிருக்கே ஆபத்து.

தங்கச்சியிடம் சொல்வதா?

இதுதான் கஷ்டமான இடம். அண்ணனுக்கு இந்த மாற்றம் உறுதியானால் தங்கச்சியிடமும் இருக்கும் என்று கிட்டத்தட்ட எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு வரன் பார்க்கிற நேரம் என்றால் வீட்டில் ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பயம் புரிகிறது. ஆனாலும் அவளிடமே மறைப்பது தப்பு என்பது என் எண்ணம். முதலில் தெரிய வேண்டியவள் அவள்தான். யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். தன் மகன் பன்னிரண்டு வயதாகும்போது பீடிக்கடைப் பக்கம் விடாமல் வளர்க்க அவளுக்கு அந்தத் தகவல் வேண்டும். பிரிட்டன் 2015-ல், வேறொரு பெண்ணின் மைட்டோகாண்ட்ரியாவைப் பயன்படுத்திக் கருவை உருவாக்கும் முறையைச் சட்டபூர்வமாக்கியது. மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ள குடும்பங்களில் அப்படி எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025 ஜூலையில் நியூகாசில் டாக்டர்கள் அறிவித்தார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு அது இன்றைக்கு எட்டாத தூரம். புகை பிடிக்காத பிள்ளையை வளர்ப்பது எட்டுகிற தூரம்.

மருந்து உண்டா?

ஐடிபெனோன் என்ற மாத்திரையை ஐரோப்பிய மருந்து முகமை 2015-ல் இந்த நோய்க்கு அனுமதித்தது. எல்லாருக்கும் பலன் தருவதில்லை, சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது, பல மாதங்கள் எடுக்கும், விலையும் அதிகம். மரபணு சிகிச்சைச் சோதனைகளில் ஒரு வினோதம் நடந்தது. ஒரு கண்ணில் மட்டும் ஊசி போட்டார்கள், ஊசி போடாத கண்ணிலும் பார்வை கூடியது. நம்பிக்கை வந்தது. ஆனால் அந்த நிறுவனம் ஐரோப்பாவில் கொடுத்த விண்ணப்பத்தை 2023-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேலை இன்னும் நடக்கிறது. 14484 மாற்றம் உள்ளவர்களுக்கு மருந்தே இல்லாமலும் பார்வை திரும்பும் வாய்ப்பு மற்ற இரண்டைவிட அதிகம். அதனால் எந்த மாற்றம் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

கூகுளில் 'லெபர்' என்று தேடினால் 'லக்ஸ்டர்னா' என்ற கோடிக்கணக்கான ரூபாய் மரபணு மருந்து வரும். அது அதே டாக்டர் பெயரில் உள்ள வேறொரு பிறவி விழித்திரை நோய்க்கானது. இதற்கு உதவாது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு வளரும் என்ற விளம்பரமும் வரும். முறையான மருத்துவ ஆராய்ச்சிக்கு வெளியே இப்படிக் காசு வாங்கிப் போடுவது நெறிமுறைக்கு எதிரானது என்கின்றன ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்கள். வயலை அடமானம் வைத்து அந்த ஊசி போட வேண்டாம்.

நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை போதும். ஆனால் அதற்கு முன் நரம்பு சார்ந்த கண் மருத்துவம் தெரிந்தவர் பார்க்க வேண்டும். இதே வயதில் வரும் பார்வை நரம்பு அழற்சி, பி12 குறைபாடு, நரம்பை அழுத்தும் கட்டி போன்றவை குணப்படுத்தக்கூடியவை. அவற்றைத் தவறவிடக் கூடாது. அழற்சியில் பெரும்பாலும் கண்ணை அசைத்தால் வலிக்கும், ஸ்டீராய்டு உதவும். எல்.எச்.ஓ.என்.னில் வலி இல்லை, ஸ்டீராய்டால் பலனும் இல்லை. பாவூர்சத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு நேர் பஸ் இருக்கிறது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் கண் மரபியலுக்கென்றே ஆய்வுப் பிரிவுகள் உண்டு.

பரம்பரைப் பார்வை நரம்பு நோய் எல்லாமே தாய்வழி என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஓ.பி.ஏ.1 என்ற மரபணுவால் வரும் இன்னொரு வகை, பள்ளி வயதிலேயே மெதுவாக ஆரம்பிக்கும், அப்பா, அம்மா யாரிடமிருந்தும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எந்த வகை என்று தெரியாமல் குடும்ப மரம் வரைந்து பயப்படக் கூடாது.

வேலை போய்விடுமா?

ஐ.டி.யிலோ பேங்கிலோ இருக்கும் ஒருவருக்கு இது 26 வயதில் வந்தால், அவர் முதலில் செய்வது ராஜினாமா கடிதம் எழுதுவது. தயவுசெய்து அதை எழுத வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 20-ஆவது பிரிவுப்படி, பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் அரசு நிறுவனம் ஒருவரை நீக்கவோ பதவியிறக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. உங்கள் எச்.ஆரிடம் அதைக் கேளுங்கள். நல்ல கண்ணிலும் கண்ணாடியோடு பார்வை 6/18-க்குக் கீழே போனால் சட்டப்படி அது பார்வைக் குறைபாடு. சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டில் பார்வைக் குறைபாட்டுக்கான ஒரு சதவீதத்துக்குள் வரலாம். தேர்வில் எழுத்தர் உதவியும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்கலாம். யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் இதைப் படிக்கும் போனிலேயே திரையை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். தமிழும் வாசிக்கும். கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. இலவசம். நடுப்பார்வை போனாலும் ஓரப் பார்வையால் படிக்கப் பழக்கும் பயிற்சி, பெரிய கண் மருத்துவமனைகளின் குறைபார்வைப் பிரிவுகளில் உண்டு. முதல் வருடம் பார்வையும் மனசும் ஒன்றாக விழும். அந்த வருடத்தில் மனநல ஆலோசகரிடம் போவதைக் கண் டாக்டரிடம் போவது போலவே எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் ஆச்சியிடம் போய் உட்காருங்கள், ஒரு வெள்ளைத் தாளோடு. ஆச்சியின் கூடப்பிறந்தவர்கள், அவர்களில் பெண்களின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளில் பெண்களின் பிள்ளைகள் என்று எழுதுங்கள். "யாருக்காவது சின்ன வயசுலயே கண்ணு மங்குச்சா ஆச்சி?" என்று கேளுங்கள். முதலில் இல்லை என்பார். அப்புறம் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எந்தம்பி ஒருத்தன் இருந்தாம்லா, கல்யாணத்துக்கு முன்னாடியே கண்ணு போயி... செய்வினைன்னு சொன்னாவ" என்று ஆரம்பிக்கலாம். அந்தத் தம்பியின் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். அவர் பீடி குடிப்பாரா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.